ஓட்டல் வேண்டும், ஓட்டலில் வேலை பார்க்கும் பெண் வேண்டாம்

இன்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வீட்டுக்கு அல்ல. "இப்பல்லாம் யாருங்க வீட்டுக்கு வர்றாங்க? தி.நகர்ல ஸ்டார் ஓட்டல் லாபியில பாத்துக்கலாம்" என்றது மாப்பிள்ளை வீடுதான்.

வாசலில் வரவேற்புப் பெண் வணக்கம் சொல்லி, ஏ.சி. காற்று நேராக அடிக்காத சோபாவாகப் பார்த்து உட்காரவைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா உருகிவிட்டார்.

"எவ்ளோ மரியாதையா பேசுது பாரு இந்தப் பொண்ணு!"

காபி வந்ததும் என்னிடம் திரும்பினார். "நீ இன்னாம்மா படிச்சிருக்க?"

"ஓட்டல் மேனேஜ்மென்ட், ஆன்ட்டி. அடையாறுல ஒரு ஓட்டல்ல ரிசப்ஷன்ல இருக்கேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "கண்டவங்க வந்து போற இடமாச்சேம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுடுவல்ல?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"வாசல்ல பாராட்டுனீங்களே, அந்தப் பொண்ணு பாக்குற வேலைதான் ஆன்ட்டி நானும் பாக்குறேன். வந்து போற கண்டவங்கள்ல இப்ப நீங்களும்தான் இருக்கீங்க."

டீப்பாய்க்கு அடியில் அப்பா என் காலை மிதித்தார். அதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

வெளியேறும்போது அந்த அம்மா வரவேற்புப் பெண்ணைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். "போய்ட்டு வரேம்மா."

மருமகளாக வராதவரைக்கும் எங்களை எல்லோருக்கும் பிடிக்கிறது. உங்கள் வீட்டில் எப்படி?