விழாத டிரிப்பர்

வீட்டில் பல்பு மாட்டுவதற்குக்கூட மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட நான் பன்னிரண்டு வயதில் ஒரு மின்சாரக் கோளாறைச் சரிசெய்தேன். என் வாழ்நாளில் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

உத்தமபாளையத்தில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், அப்பாவின் தங்கையான கல்யாணமாகாத அத்தை ஒரு ஸ்பாட் வெல்டிங் மிஷின் வைத்திருந்தாள். ஏலக்காய் காயவைக்கும் கம்பித் தட்டுகள் செய்து கம்பத்துக்கு அனுப்புவாள். பெடலை மிதித்தால் இரண்டு கம்பிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு பொறி, ஒட்டிக்கொள்ளும். ஆனால் நாளுக்கு ஒரு தடவையாவது போர்டில் டிரிப்பர் ‘டக்’கென்று விழுந்து கரண்ட் போய்விடும்.

விழுந்ததை மேலே தள்ளினால் போதும். அத்தைக்கு அதைத் தொடப் பயம். கொட்டகைக்குள் வந்த கட்டுவிரியனைக் கம்பியால் அடித்து வெளியே வீசியவள் அவள்.

“ஏலே, ஓடிப் போயி அவுகளக் கூட்டியா.”

அவுக என்றால் ராயப்பன்பட்டி எலக்ட்ரீசியன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் இருப்பார். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஜெபமாலை தொங்கும். அப்பா அதை மட்டும் முறைத்துப் பார்ப்பார். எலக்ட்ரீசியன் வந்து டிரிப்பரை ஒற்றை விரலால் தள்ளிவிட்டு, ஒரு மணி நேரம் போர்டை ஆராய்வார். அத்தை ஏலக்காய் தட்டிப்போட்டு டீ கொண்டுவருவாள். எங்களுக்கெல்லாம் வெறும் டீதான். ஊரில் எல்லோரையும் அண்ணன் என்ற நான் அவரை மாமா என்றேன். அத்தை திருத்தவில்லை.

“லைன்ல என்னமோ சரியில்ல,” என்பார் மாமா.

“சரியில்லதேன்,” என்பாள் அத்தை.

வெயிலில் ஓடி ஓடி என் கிரிக்கெட் போனது. பொறுக்க முடியாமல், டிரிப்பரில் இருந்த எழுத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி, மிஷினோடு வந்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு தேனிக்குப் போனேன். எலக்ட்ரிக்கல் கடைக்காரர் இரண்டையும் பார்த்துச் சிரித்தார்.

“சி டைப்ப மாட்டியிருக்காக. பெடல மிதிச்சதும் கண்ணிமைக்கிற நேரத்துக்குள்ள இந்த மிஷின் கரண்ட அள்ளி இழுக்கும் தம்பி. டி டைப்புதேன் தாங்கும். ஆம்ப் அதே முப்பத்திரண்டு, எழுத்துதேன் வேற. எந்த எலக்ட்ரீசியனுக்கும் தெரியுமே இது.”

கடைசி வாக்கியம் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

புது டிரிப்பரை மாமாவின் கையிலேயே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அப்பா பக்கத்தில் நின்றிருந்தார்.

“மாட்டிருங்க,” என்றாள் அத்தை.

இரண்டு ஸ்க்ரூவை அவ்வளவு நேரம் முடுக்கிய மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அத்தை பெடலை மிதித்தாள். பொறி. மறுபடி மிதித்தாள். ஒரு தட்டு முழுசாக முடியும்வரை தலை நிமிராமல் மிதித்தாள். விழவில்லை.

“இனி விழாது,” என்று மாமா சைக்கிளை எடுத்தார். டீ அப்படியே ஆறியது. நான் பாராட்டுக்குக் காத்து நின்றேன். அப்பா மட்டும் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மாமா கட்டப்பனைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். டிரிப்பர் விழவேயில்லை. அதன் கீழே அத்தை தனியாக உட்கார்ந்து, தலை நரைக்கும்வரை தட்டு செய்தாள்.

போன பொங்கலுக்கு மிஷினை விற்றபோது அந்த டிரிப்பரைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். புதிதாகக் கண்டுபிடித்தவன்போல, “அவுக வேணும்னேதான் சி டைப்ப மாட்டியிருக்காக அத்தை,” என்றேன்.

அத்தை அதைப் புடவையில் துடைத்தாள்.

“அந்த சி டைப்ப வாங்கியாந்து அவுககிட்ட குடுத்ததே நாந்தேன். ஒன்னய எவன்டா கேட்டான்?”