மட்டிக்குக் கூறு போட்ட ஜெரால்ட்

ஓமலூர் ஜெரால்ட் கறி வெட்டினால் சண்டை வராது. ஈஸ்டருக்குச் சர்ச் பங்கில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு மேச்சேரி ஆடு பிடிப்பார்கள். ஜெரால்ட் வாழையிலைகளை விரித்துக் கூறு போடுவார். எந்தக் கூறை எடுத்தாலும் கறி, எலும்பு, கொழுப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஈரலில் ஒரு துண்டாவது இருந்தே ஆக வேண்டும். ஈரல் விஷயத்தில் அவர் காட்டும் நியாயத்தை நாட்டில் வேறெங்கும் எதிர்பார்க்கக் கூடாது.

மற்ற நாட்களில் அவர் சேலத்தில் ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வக உதவியாளர். தற்காலிகப் பணி. அந்தத் தற்காலிகம் தொடங்கியபோது பிறந்த மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

ஆராய்ச்சி மாணவி சௌமியா, மோகனூர்க் காவிரியிலிருந்து மட்டிகள், அதாவது ஆற்றுச் சிப்பிகள், கொண்டுவந்தாள். மட்டியின் மைட்டோகாண்ட்ரியாதான் அவள் ஆராய்ச்சி. செல்லுக்குள் இருக்கும் குட்டி மின்நிலையம் அது. தனக்கென்று தனி மரபணு வைத்திருக்கும். மனிதன், மாடு, கோழி யாராக இருந்தாலும் அது அம்மா வழியில்தான் வரும். அப்பாவின் பங்கு இனிஷியலோடு சரி.

"ஒவ்வொரு மட்டியிலயும் கால்ல மட்டும் ஒரு துணுக்கு எடுத்து ட்யூப்ல போட்டுருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு சௌமியா ஒரு கல்யாணத்துக்குப் போனாள். மட்டிக்குக் கால் என்பது ஓட்டுக்கு வெளியே நாக்கு மாதிரி நீட்டும் சதை.

முடிவு வந்த அன்று ஆய்வகமே அல்லோலகல்லோலம். பாதி மட்டிகளில் ஒரே வகை மைட்டோகாண்ட்ரியா. மீதியில் ஒரே உடம்புக்குள் இரண்டு வகை! இரண்டும் மட்டியுடையதுதான், ஆனால் ஒன்றுக்கொன்று ஜாடையே இல்லை.

பேராசிரியர் பாலசுந்தரம் நேராக ஜெரால்டைப் பார்த்தார். "கலப்படம்! கத்தியக் கழுவுனீங்களா இல்லையா?"

"ஸ்பிரிட்டுல தொடச்சு, நெருப்புல காட்டித்தானுங்க சார் வெட்டுனேன்."

"மாசக் கடைசில கமிட்டிக்கு உங்க வேலை நீட்டிப்பு வருது. இத வெச்சுகிட்டு நான் எப்படிங்க சிபாரிசு பண்றது?"

அன்று ஜெரால்டுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி லிடியா விடவில்லை. "மறைக்காமச் சொல்லுங்க. என்ன பண்ணுனீங்க?"

"கால்ல மட்டும் எடுக்கச் சொன்னாங்க. மனசு கேக்கல லிடியா. கால் கொஞ்சம், செவுள் கொஞ்சம், வயித்துப் பக்கம் கொஞ்சம்னு..."

"கூறு போட்டீங்களா? அட மனுசா! ஈரல் பத்தலைன்னு அந்த மெஷின் சண்டைக்கா வரப்போவுது?"

மறுநாள் காலை, வேலை போனால் போகட்டும் என்று ஜெரால்ட் இருவரிடமும் சொல்லிவிட்டார். பேராசிரியர் தலையில் கைவைத்தார். சௌமியாவோ நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"வயித்துப் பக்கம்னா? விந்துப்பையாண்ணா?"

"பேரெல்லாம் எனக்கென்ன தெரியும் சாமி. மெத்துன்னு இருந்துச்சு."

"சார்! ரெண்டு வகை வந்ததெல்லாம் ஆண் மட்டியா இருந்தா?"

பாலசுந்தரத்தின் கை தலையிலிருந்து இறங்கியது. சில மட்டிக் குடும்பங்களில் அம்மா தன் மைட்டோகாண்ட்ரியாவை எல்லாப் பிள்ளைகளுக்கும் தருவாள். அப்பா தன்னுடையதை மகன்களுக்கு மட்டும் தருவான். மகன் அம்மாவுடையதை உடம்பிலும் அப்பாவுடையதை விந்துப்பையிலும் வைத்துக்கொள்வான். வெளிநாட்டு மட்டிகளைப் பற்றி இருவரும் படித்ததுதான். மோகனூர் மட்டிக்கும் அப்பா இருப்பார் என்றுதான் தோன்றவில்லை.

"வெட்டுங்க ஜெரால்ட்" என்றார் பேராசிரியர். "கால் தனி, வயிறு தனி. கூறு போட்டீங்கன்னா பாத்துக்கங்க!"

தொட்டியில் மிச்சமிருந்த மட்டிகளை ஜெரால்ட் வெட்டினார். ஆணா பெண்ணா என்று பேராசிரியரே மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார். கமிட்டி கூடும் நாள் காலையில்தான் முடிவு வந்தது.

பெண் மட்டிகளில் காலிலும் வயிற்றிலும் ஒரே வகை. ஆண்களில் காலில் ஒன்று, விந்துப்பையில் வேறொன்று!

சௌமியா கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு கலைந்தது. "இருபது கோடி வருஷமுங்க! அதுக்கும் மேல இந்த ரெண்டு வழியும் தனித்தனியா ஓடிட்டு இருக்குன்னு கணக்குப் போட்டிருக்காங்க!" பாலசுந்தரம் தான் பேராசிரியர் என்பதை மறந்து, மட்டி வாடை அடிக்கும் ஜெரால்டைக் கட்டிப்பிடித்தார். அதே சட்டையோடு கமிட்டிக்கு ஓடினார்.

வேலை நீடித்தது. ஒரு வருஷத்துக்கு, தற்காலிகமாக.

ஜெரால்ட் போனில் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் லிடியா கேட்டாள்: "அப்போ அந்த ஆம்பள மட்டி, உடம்பு பூரா அம்மா புள்ளைங்களா?"

"ஆமா!"

"இதக் கண்டுபுடிக்க மோகனூருக்கு எதுக்குங்க போனாங்க? நம்ம ஊட்டுக்கு வந்திருந்தா நானே சொல்லியிருப்பேனே."