பிரெனெக்கே வாசித்த பெயர்

கனகலிங்கம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் பனித்தரையை வழவழப்பாக்கும் மெசினை அவர் ஓட்டிவிட்டுப் போனால், அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஜெர்மனியில் சவுர்லாண்ட் மலைப்பக்கத்துப் பனிச்சறுக்கு அரங்கில் கக்கூசு கழுவத் தொடங்கி, சறுக்குச் சப்பாத்துகளுக்குக் கூர் தீட்டப் பழகி, கடைசியில் பனி மெசினின் சாவியையே கையில் வாங்கிய மனுசன். எவனும் தூக்கிவிடவில்லை, தானாய் ஏறினார். இதை ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு செமிக்காது.

அப்படிப்பட்டவர் மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார். எல்லாம் ஒரு பழிக்காக.

பழி பதினொரு வருசத்துப் பழையது. மூத்த மகள் சுலோஜனாவுக்கு அப்போது பதினைந்து வயது. ஐஸ் ஹொக்கியில் அவளைத் துரத்திப் பிடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. தேசிய இளம்பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க வந்த பிரெனெக்கே அவளைக் கழித்துவிட்டுத் தன் கூட்டாளியின் மகளை எடுத்தான். கேட்டதற்கு, "வெயில் நாட்டுப் பிள்ளை, வேகம் காணாது" என்றான். கனகலிங்கம் அரங்கு அதிரக் கத்தினார். ஐஸ் ஹொக்கிச் சங்கத்துக்கு முறைப்பாடும் எழுதுவித்தார். பிரெனெக்கே நேரே வந்து சொன்னான்: "ஹெர் கனகலிங்கம், நான் ஆள் எடுக்கும்வரை உன் வீட்டுப் பெண் ஒருத்தியும் தேசியச் சட்டை போடமாட்டாள்."

சுலோஜனா அன்றைக்குக் கழற்றிய சப்பாத்தைப் பிறகு தொடவேயில்லை.

கனகலிங்கம் அழவில்லை. அழுகிறவன் மறந்துபோவான். ஐந்து வயதுச் சின்னவள் நிருஷாவைக் கொண்டுபோய், அரங்கிலிருந்து நாற்பது கிலோமீற்றர் தள்ளி, தங்கள் வீட்டுக்குக் கிட்ட ஹாகனில் ஒரு கழகத்தில் சேர்த்தார். சேர்த்ததும் கோல்காப்பாளராக. அதிலும் கணக்கு இருந்தது. ஓடுகிறவளை வேகம் காணாது என்று கழிக்கலாம். கோலுக்கு வந்த ரப்பர் வட்டைப் பிடித்தவளைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது.

இன்னொரு கணக்கை ஜெர்மன்காரரே போட்டுக் கொடுத்திருந்தார்கள். தகப்பனின் பெயரைப் பின்னால் போடுவது எங்கள் வழக்கம். ஊரில் பிறந்ததால் மூத்தவள் சுலோஜனா கனகலிங்கம். இளையவள் பிறந்தது இங்கே. பதியப் போனபோது அலுவலகத்துப் பெண், தகப்பனின் குடும்பப் பெயர்தான் பிள்ளைக்கும் என்று அடித்துச் சொல்லி, கனகலிங்கத்தின் தகப்பன் சின்னத்துரையின் பெயரைப் போட்டுவிட்டாள். கூடப்பிறந்த இரண்டும் கடதாசியில் இரண்டு குடும்பம். தகப்பனையோ அரங்கில் எல்லாரும் கனகலிங்கம் என்றே கூப்பிட்டார்கள். அன்றைக்குக் கனகலிங்கம் அந்த மேசையில் குத்திச் சண்டை பிடித்தார். இப்போது அந்தப் பெண்ணைக் கண்டால் கோயில் கட்டிக் கும்பிடுவார்.

இந்த வருசத்துத் தேசிய அணித் தெரிவு முகாம் அவருடைய அரங்கிலேயே வந்து விழுந்தது. ஆள் எடுப்பது இப்போதும் பிரெனெக்கேதான். மூன்று நாள். கோல்காப்பாளர் ஐந்து பேர், எடுப்பது இரண்டு பேர்.

"இஞ்சேருங்கோ, பேர் வாசிச்சு முடியுமட்டும் அவள் ஆரோ, நீங்கள் ஆரோ," என்றாள் மனைவி அன்னப்பிள்ளை. "உங்கடை வாய் சும்மா கிடக்காது."

"நான் என்ன ஓட்டைவாயனோ?"

"ஓம்."

முதல் நாள் நிருஷா தன் வலையை நோக்கி வந்த முப்பத்தொரு அடியில் இருபத்தொன்பதைத் தடுத்தாள். பெற்றோர்கள் கண்ணாடித் தடுப்பைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். 'நான் பெத்தது!' என்று தொண்டைவரை வந்ததைக் கனகலிங்கம் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினார். நாக்கு வெந்தது.

இரண்டாம் நாள் அவர் கூர் தீட்டும் அறைக்குள் பிரெனெக்கே வந்து நின்றான்.

"அந்தச் சின்னத்துரையைப் பார்த்தாயா? என் கண்டுபிடிப்பு. ஹாகனில் ஒரு மூலையில் கிடந்தாள். பத்து வருசத்தில் இப்படியொரு கையை நான் கண்டதில்லை."

"அப்படியா?" என்றார் கனகலிங்கம், சப்பாத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"உன் நாட்டுப் பிள்ளைதானே? குடும்பத்தைத் தெரியுமா?"

"தெரியாது. எங்கள் ஊரில் தடக்கி விழுந்தால் ஒரு சின்னத்துரையின் மேல்தான் விழவேண்டும்."

பிரெனெக்கே சிரித்தான். "நல்ல குடும்பமாய் இருக்கும். சிலரைப்போலக் கத்துகிற தகப்பன் இல்லை."

அவன் திரும்பிப் போகையில்தான் கனகலிங்கம் வாசலைக் கண்டார். கையில் சப்பாத்தோடு நிருஷா நின்றாள்.

"என்னைத் தெரியாதோ அப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

"நாளைக்குத் தெரியும் பிள்ளை. கொண்டா சப்பாத்தை."

"நான் விளையாடுறது உங்கடை சண்டைக்கில்லை."

"தெரியும். நீ உனக்கு விளையாடு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கனகலிங்கத்துக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஆனால் அதைவிடப் பெரிய முள் பதினொரு வருசமாய் அங்கேயே இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் பெயர் வாசித்தார்கள். பிள்ளைகள் பனியில் வரிசையாய் நிற்க, பெற்றோர் தடுப்பைச் சுற்றிக் கூடினார்கள். சங்கத்திலிருந்து வந்திருந்த நரைத்தலை அம்மா பட்டியலில் கையெழுத்துப் போட்டு பிரெனெக்கேயிடம் கொடுத்தார். அவன் முதல் பெயரையே ராகம்போட்டு வாசித்தான்: "நிருஷா சின்னத்துரை!"

கைதட்டு ஓயவில்லை. கனகலிங்கம் தடுப்போரம் வந்து நின்ற சுலோஜனாவின் கையைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் இறங்கினார்.

"ஹெர் பிரெனெக்கே, இவளை ஞாபகமிருக்கா? வேகம் காணாது என்று நீ கழித்தவள். என் மூத்தவள். நீ இப்போது வாசித்தது என் இளையவள்."

பிரெனெக்கேயின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப் பிறகு பீற்றூட்டாய்ச் சிவந்தது. "ஏமாற்று! பெயரை மறைத்திருக்கிறான்!"

"மறைக்கவில்லை. அந்தப் பெயரை எழுதியது உங்கள் நாட்டுப் பதிவு அலுவலகம்."

"இவள் இவனுடைய மகள் என்று தெரிந்திருந்தால் எடுத்தே இருக்கமாட்டேன்!"

பனி அரங்கில் ஒரு சொல் சொன்னால் நாலு சுவரும் திருப்பிச் சொல்லும். இதையும் சொல்லின. தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

நரைத்தலை அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தகப்பன் யாரென்று பார்த்தா இத்தனை வருசமும் ஆள் எடுத்தீர்கள், ஹெர் பிரெனெக்கே?"

அவன் பட்டியலை அவரிடம் திருப்பி நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"பட்டியல் மாறாது. திங்கட்கிழமை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். பழைய பட்டியல்களையும் கொண்டுவாருங்கள்."

சுலோஜனா தங்கையின் தலைக்கவசத்தைக் கழற்றி, வியர்த்த நெற்றியைத் தன் சால்வையால் துடைத்துவிட்டாள். நிருஷா தகப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

"இப்ப தெரியுமோ என்னை?"

"என்ரை பெட்டை!" என்று கனகலிங்கம் போட்ட சத்தத்தில் கூரை இரும்பு கிணுங்கியது. "ரெண்டும் என்ரை பெட்டையள்!"

பிறகு போய் மெசினில் ஏறினார். மெசின் இறங்கினால் பனியில் ஒரு குருவியும் நிற்கக்கூடாது, அது அரங்கின் சட்டம். பிள்ளைகள் வழுக்கிக்கொண்டு வெளியேறினார்கள். பிரெனெக்கே மட்டும் கையில் கடதாசியோடு நடுவில் நின்றான். கனகலிங்கம் ஹோர்ன் அடித்தார். ஒரு தரம் போதும். மூன்று தரம் அடித்தார். சாதாரணச் சப்பாத்தோடு வந்திருந்த பிரெனெக்கே, தண்ணிக்குப் பயந்த கோழியைப்போல அடிமேல் அடிவைத்து, அத்தனை சனமும் பார்க்க, வாசல்வரை நடந்தான். மெசின் அவனுக்குப் பின்னால் மூன்றடி விட்டு, அவசரமே இல்லாமல் ஊர்ந்து வந்தது.