தேதி போடாத உறை

இதை நம்புங்கள் என்று யாரையும் கேட்கப்போவதில்லை. எழுத்துப் பிழை பார்ப்பது என் தொழில். நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

செய்தித்தாள் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறேன். என் பக்கம் இரங்கல் விளம்பரங்கள். பெயர், வயது, தேதி. தினமும் முப்பது பேர். மதியம் ஒன்றரைக்கு வீடு திரும்பிவிடுவேன். இரண்டாம் மாடி. இரும்புப் படி. பூனை ஏறினாலும் கேட்கும்.

குடிவந்த நாளிலிருந்தே, எனக்கு முன் அங்கே இருந்த பெண்ணுக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. வாரம் ஒன்று, செவ்வாய்க்கிழமை. நீல மை, நடுங்கும் கையெழுத்து. அனுப்புநர் இடத்தில் ‘அப்பா’ என்ற சொல்லும் ஒரு முகவரியும். ‘இங்கே இல்லை’ என்று எழுதித் தபால்காரரிடம் திருப்பித் தருவேன். அடுத்த வாரம் இன்னொன்று வரும். பதினோரு முறை இப்படி.

தபால்காரர் சிரித்தார். “இல்லைன்னு எழுதினா வேற எங்கயோ இருக்காங்கன்னு ஆகும் சார். ஆளே போயிட்டாங்கன்னு எழுதுங்க. அப்பத்தான் நிக்கும்.”

“பாவம்ணே.”

“என் முட்டி பாவமில்லையா? வாரா வாரம் உங்க படியை ஏறுறது நானு.”

விளையாட்டாகத்தான் சொன்னார். பன்னிரண்டாவது உறை வந்த அன்று எனக்குத் தலைவலி. சட்டைப்பையில் அலுவலகத்துச் சிவப்புப் பேனா இருந்தது. பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில், கைக்குப் பழகிய சொல்லை எழுதினேன்.

காலமானார்.

அடுத்த செவ்வாய் கடிதம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை. மதியம் 2:10. நல்ல மழை. அழைப்புமணி ஒரே முறை அடித்தது. படியில் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

வாசலில் ஒரு பெரியவர். குடை இல்லை. சட்டை நனையவில்லை. கையில் அந்த உறை.

“எம் பொண்ணு இங்கதானே இருந்தா?”

தலையாட்டினேன். உள்ளே வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். யார் உட்கார்ந்தாலும் முனகும் நாற்காலி. முனகவில்லை.

“எந்த ரூம்ல... போனா?”

நான் எழுதியது பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். உள்ளறையைக் காட்டினேன்.

“கஷ்டப்பட்டாளா தம்பி?”

“இல்லீங்க. தூக்கத்துலயே...”

“அப்ப சரி.” அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சின்னதுல, லைட்டை அணைச்சா தூங்க மாட்டா.”

தண்ணீர் கொடுத்தேன். தொடவில்லை. உறையை மேசைமேல் வைத்தார். என் சிவப்புச் சொல்லின் மீது விரலை வைத்தார்.

“போயிட்டான்னு எழுதினீங்க. என்னைக்குன்னு எழுதலியே?”

“தேதி போட்டு வைங்க. அடுத்த வியாழன் வந்து வாங்கிக்கிறேன்.”

எழுந்து போனார். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

படியில் யாரும் இல்லை.

மழை மட்டும்...

மறுநாள் காலை 9:40. மேசைக்கு வந்த பக்கத்தில் மூன்றாவது விளம்பரம். அவர் படம்.

காலமான நாள்: செவ்வாய்க்கிழமை.

தேதியில் ஐயம் வந்தால் விளம்பரம் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்பது எங்கள் வழக்கம். கீழே இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“பேப்பர் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். தேதி... செவ்வாயா, வியாழனா?”

“செவ்வாய்தான் சார். மதியம் ரெண்டு பத்து. தபாலை வாங்கினவர் அப்படியே வாசல்ல உட்கார்ந்துட்டாராம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருக்காங்க.”

“நீங்க...?”

“மக. வீடு மாத்தினதை அவர்கிட்ட சொல்லலை. ஒரு கோவம். கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்துட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “நான் செத்துட்டேன்னு யாரோ எழுதி அனுப்பியிருக்காங்க சார். எந்தப் புண்ணியவானோ.”

“அந்த லெட்டர்... இருக்குங்களா?”

“கடிதத்தைப் பிடிச்சிருந்த விரலைப் பிரிக்க முடியல. புதன்கிழமை அவரோட சேர்த்தே எரிச்சுட்டோம். உள்ள எனக்கு என்ன எழுதியிருந்தாருன்னு இனிமே தெரியவே தெரியாது.”

தேதிக்குப் பக்கத்தில் ‘சரி’ என்று குறியிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். உறை மேசைமேல் அப்படியே இருந்தது. ஓரம்கூடக் கருகவில்லை. பிரிக்கப் பார்த்தேன். நகம் ஏறவில்லை. கத்தரிக்கோலும் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, விளம்பரத்தில் இருந்த முகவரிக்குப் போனேன். இரண்டு பேருந்து மாறி. கதவைத் திறந்தவளுக்கு அவருடைய கண்கள்.

“நான்தான் எழுதினேன்,” என்றேன். உறையை நீட்டினேன். “உங்க அப்பா உங்களுக்குப் போட்டது.”

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். நெடுநேரம்.

“வெறுங்கையை நீட்டிக்கிட்டு நிக்கறீங்களே...”

கதவை மெல்லச் சாத்தினாள். உள்ளே அவள் அழுவது கேட்டது.

இன்று வியாழன். மணி 2:09. உறை என் முன்னால் இருக்கிறது. உயிரோடு இருப்பவளுக்கு எந்தத் தேதியைப் போடுவது? தேதிக்கான இடம் காலி.

படியில் சத்தம் இல்லை.