கடைசிச் சுற்றில் வந்த அழைப்பு

என் தங்கையின் படிப்பைக் கெடுத்தவள் நான். அன்றைக்குச் சிக்னல் கிடைக்கவில்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொன்னதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். அது பொய்!

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்களுக்குக் குமுதாவைத் தெரியாது. அவளைத் தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை...

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். திருப்பத்தூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியிலும் படித்தேன். அதனால் வீட்டில் என் சொல்லுக்கு ஒரு கனம் வந்துவிட்டது. என்னைக் கேட்காமல் அப்பா எதையும் முடிவு செய்ய மாட்டார். அந்தக் கனம் எனக்குப் பிடித்திருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? மிகவும் பிடித்திருந்தது!

குமுதா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். செவிலியர் படிப்புக்கு இடமும் கிடைத்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊரிலிருந்து பெண் கேட்டார்கள். அவர்கள் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே அவள் என்னை அழைத்தாள். அப்போதெல்லாம் ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நின்றால்தான் போன் பேச முடியும்.

"அக்கா, மத்தியானம் வர்றாங்க. அப்பா இன்னா சொல்றாரு தெரியுமா? பெரியவ வேணாம்னா நானும் வேணாம்னுடறேன்றாரு. நான் அவர பாறைக்கு இஸ்துகினு வந்து உனக்கு அடிக்கறேன். நீ ஒரே வார்த்த சொல்லு, போதும்."

"நீ அடி. நான் பேசிக்கறேன்."

"போன கையிலயே வெச்சிக்கோ."

"வெச்சிக்கறேன்டி!"

வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மத்தியானம் கல்லூரி விடுதியில் என் தோழி ஷர்மிளா தன் போர் விளையாட்டை அறைத் தரையில் விரித்தாள். அறுகோணக் கட்டங்கள் போட்ட பெரிய வரைபடம், வீரர்களுக்குப் பதிலாகச் சிறுசிறு அட்டைத் துண்டுகள், இரண்டு பகடைகள். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் படை என்னுடையது. குன்றின் உச்சியில் பதுங்குகுழிகளில் இயந்திரத் துப்பாக்கிகளோடு காத்திருக்கும் படை அவளுடையது. எட்டுச் சுற்றுக்குள் உச்சியைப் பிடித்துவிட்டால் வெற்றி எனக்கு.

ஷர்மிளா வேலூர்க்காரி. அவள் அப்பா ராணுவத்தில் இருந்தவர். இந்த ஆட்டத்தில் அவளை விடுதியில் ஒருத்தியும் வென்றதில்லை.

குதித்ததுமே காற்று என் ஆட்களைச் சிதறடித்தது. பகடை அப்படி விழுந்தது. பாதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் இறங்கினார்கள். மிச்சம் இருந்தவர்களைத் திரட்டி நகர்த்தினேன்.

"இன்னாடி, ஆடு ஓட்டற மாரி எல்லாரையும் ஒரே சரிவுல ஓட்டிகினு போற? உங்க மலையில இதான் பழக்கமா?" என்றாள் ஷர்மிளா. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"ஏறத் தெரிஞ்சவ நானு. நீ சும்மா குந்திகினு பாரு" என்றேன். காது மடல் எரிந்தது.

ஓடைப் பள்ளத்தின் வழியாக ஏற்றினேன். புகைக்குண்டு போட்டு மறைத்தேன். ஒவ்வொரு குழியாகப் பிடித்தேன். எத்தனை பேர் விழுந்தார்கள்! விழுந்த ஒவ்வோர் அட்டையையும் எடுத்து ஓரத்தில் வைக்கும்போது என் நெஞ்சு பதைத்தது. ஆம், அட்டைத் துண்டுகளுக்காகப் பதைத்தேன்...

கடைசிச் சுற்று. ஒரே ஒரு குழி பாக்கி. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கணத்தில் என் கையில் போன் அதிர்ந்தது.

குமுதா!

"போய் பேசிட்டு வா. ஆனா எழுந்தேன்னா ஆட்டம் எனக்கு" என்று ஷர்மிளா கண்ணடித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அது எனக்கும் தெரியும்.

திரையில் விமானப் படம் போட்ட பொத்தானை அழுத்தினேன். அதை அழுத்தினால் எந்த அழைப்பும் வராது. அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு விரல் அசைவு.

'இது முடியட்டும், உடனே கூப்பிடலாம். பெண் கேட்க வந்தவர்கள் அதற்குள்ளா எழுந்துவிடுவார்கள்?' என்று நினைத்தேன். உண்மையிலேயே நினைத்தேனா? அல்லது பிறகு எனக்கு நானே தைத்துக்கொண்ட சட்டையா அது? தெரியவில்லை...

பகடையை உருட்டினேன். உச்சி என் வசமானது! பெண்கள் கூச்சலிட்டார்கள். ஷர்மிளா எழுந்து கை கொடுத்தாள். "எப்டிடி ஏறின? இன்னொரு தபா காட்டு" என்றாள்.

காட்டினேன். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது. போன் என் மடியில்தான் கிடந்தது. நானோ செத்த அட்டைகளை எல்லாம் மறுபடி ஆற்றங்கரையில் நிறுத்தி, எப்படி ஏறினேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்!

சாயங்காலம் அந்தப் பொத்தானை விடுவித்த சற்று நேரத்தில் அப்பா அழைத்தார்.

"தட்டு மாத்திட்டோம்மா. உனக்கு அடிச்சி அடிச்சி பாத்தோம், கெடைக்கல. வந்தவங்க எவ்ளோ நேரந்தான் குந்திகினு இருப்பாங்க? நல்ல எடந்தானே, நீ இன்னா சொல்ற?"

எங்கள் பக்கம் வெற்றிலைத் தட்டு கைமாறிவிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அதைத் திரும்பக் கேட்பதில்லை.

"எனக்கு ரிங்கே வரலப்பா. அங்க சிக்னல் போய்ட்டிருக்கும்" என்றேன். "நல்ல எடந்தான்."

குமுதா போனை வாங்கினாள். அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"வுடுக்கா, நீ இன்னா பண்ணுவ? ஒரு ரிங்கு போச்சு, அறுந்துட்ச்சி. பாறையில காத்தடிச்சா அப்டிதான்."

என் பொய்யில் இருந்த ஓட்டையை அவளே அடைத்துக் கொடுத்தாள்.

இன்று நான் இதே மலையில் ஆசிரியை. அவள் கணவன் கெட்டவனில்லை. சாமை விளைகிறது, புளி உலுக்குகிறார்கள், குழந்தை வளர்கிறது. ஒருமுறை குழந்தைக்குத் தடுப்பூசி போட அவளோடு போயிருந்தேன். குழந்தை வீறிட்டபோதும் குமுதா அதன் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசி போட்ட செவிலியரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் சொல்லிவிட வாயெடுத்தேன். "குமுதா, அன்னிக்கு அந்த போனு..."

"இன்னாக்கா, இன்னும் அதையே நெனச்சிகினு கீறியா?" என்று என் முதுகைத் தடவினாள். தடவட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். சொல்லுங்கள், இது எத்தனையாவது குற்றம்?

இப்போது ஊருக்கு டவர் வந்துவிட்டது. யாரும் பாறை ஏறுவதில்லை. குமுதாவின் பெயர் திரையில் தெரிந்தால், முதல் மணி அடங்கும் முன்பே எடுத்துவிடுகிறேன்.

"அக்கா, சிக்னல் கெடைக்குதா?" எப்போதும் அவள் முதலில் கேட்பது அதுதான்.

"கெடைக்குது, சொல்லு" என்கிறேன்.

அவள் சொல்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.