நிரோஷாவின் சந்தோஷமும் வின்சன்ற்றின் மணிக்கூடும்

நிரோஷாவுக்குச் சந்தோஷம் வந்தால் மணிக்கூடுகளுக்குத்தான் ஆபத்து.

மற்றவர்களுக்குச் சந்தோஷம் முகத்தில் தெரியும். அவளுக்கு அது விரல்களுக்குள் இறங்கிவிடும். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ரயில் போனால் கண்ணாடி அலுமாரி நடுங்குகிற சின்னக் கடையில், பதினாறு வருடமாகப் பழைய கைமணிக்கூடுகளைத் திருத்துகிறாள். வயது நாற்பத்தொன்று. கூர்மையான கண், சுத்தமான கை. மதியச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடும் நல்ல பழக்கமும் உண்டு. கவலையாக இருக்கும் நாட்களில் அவளுடைய வேலையில் குறை பிடிக்க முடியாது. கிருலப்பனையில் அவள் வீட்டுக்குத் தண்ணீர் இணைப்புக் கிடைத்த சந்தோஷத்தில்தான், பம்பலப்பிட்டியில் வழக்குப் பேசும் லோயர் ஒருவரின் மணிக்கூட்டைக் கெடுத்தாள்.

கெடுத்தாள் என்றால் உடைக்கவில்லை. தேநீர் நிறத்துக்கு வந்திருந்த டயலுக்கு வெள்ளை பூசினாள். முட்களை மாற்றினாள். பாலிஷ் மோட்டாரில் பிடித்துப் பிடித்து, விளிம்பெல்லாம் மழுங்கி, மணிக்கூடு கரண்டி மாதிரி ஆகிவிட்டது. லோயர் அதைக் கையில் வைத்துக்கொண்டே, "என்ட மணிக்கூடு எங்க?" என்று கேட்டார்.

"கையிலதான் இருக்கு சேர்."

"இது இல்ல."

தேய்த்தெடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அறுபது வருடத்தில் தானாக வந்த நிறத்தைத் தூரிகையால் கொண்டுவரவும் முடியாது. அன்றிலிருந்து கடைக்காரர் அலவி நானா காலையில் கடை திறந்ததும் அவளிடம் ஒரே கேள்வி கேட்பார்: "மனசு எப்பிடி ஈக்கி?" நல்லா இருக்கு என்று சொன்னால் அன்றைக்கு அவளுக்குப் பற்றரி மாற்றும் வேலை மட்டும்தான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஆயுள் முழுக்கப் பற்றரிதான் என்றும் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

அந்த வியாழக்கிழமை அவள் கிளினிக்கிலிருந்து நேரே கடைக்கு வந்தாள். கல்யாணம் முடித்துப் பதினொரு வருடத்துக்குப் பிறகு, ரெண்டு மாசம் என்று நேர்ஸ் சொல்லியிருந்தார். இரும்புச்சத்து மாத்திரையையும் ஓய்வையும் பற்றி நேர்ஸ் சொன்ன முக்கியமான விஷயம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கணவன் யோகராஜுக்குப் போன் எடுத்தாள். அவன் தான் ஓட்டும் த்ரீவீலை ஓரமாக நிறுத்தி, பின்னால் இருந்த பயணியைத் திரும்பிப் பார்த்து, "என் பொண்டாட்டி" என்று மட்டும் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தானாம்.

"மனசு எப்பிடி ஈக்கி?" என்றார் அலவி நானா.

நிரோஷா உதட்டைப் பிதுக்கினாள். "சுமார்தான் நானா. தலவலி."

"நல்லம்," என்று சொல்லி வின்சன்ற்றின் மணிக்கூட்டை நீட்டினார்.

பொய்க்குக் காரணம் இருந்தது. அலவி நானாவின் கை நடுங்கத் தொடங்கி இரண்டு வருடம். அவள் தொடாவிட்டால் அந்த மணிக்கூடு சனிக்கிழமைக்கு ஓடாது. வின்சன்ற் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். ஒருநாள் கிரேன் கொக்கி ஆடிவந்து அடித்தபோது, அடியை மணிக்கூடு வாங்கிக்கொண்டது, கை தப்பியது. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில், விளிம்பில், இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது. சனிக்கிழமை பேத்தியின் கல்யாணத்தில் இந்தக் கதையை மைக் பிடித்துச் சொல்லப்போகிறார்.

"மாப்பிள்ள வீட்டுக்காரர் வத்தளை. ஒண்டையும் லேசில நம்ப மாட்டாங்க," என்று தந்துவிட்டுப் போகும்போது சொல்லியிருந்தார். "இந்தப் பள்ளம்தான் சாட்சி. ஓடினாக் காணும் மகள், மூஞ்சியில கை வைக்காதீங்க."

பின்மூடியைக் கழற்றினாள். உட்புறத்தில், முன்பு திருத்தியவர்கள் ஊசியால் கீறிவிட்டுப் போன திகதிகள் வரிசையாக இருந்தன. சக்கரங்களைக் கழுவி, எண்ணெய் விட்டு, திரும்பப் பூட்டினாள். டிக் டிக் என்று தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சும்மா, மேல் மூலையை மட்டும், வார் மாட்டும் இடத்தை மட்டும் கொஞ்சம் துடைத்தால் என்ன? துடைத்தாள். போதவில்லை. மோட்டாரைப் போட்டாள். மூலை கண்ணாடியாக மாறி, அதற்குள் தன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகத்தைப் பார்த்தாள்.

கை அடுத்த பக்கத்துக்குத் திரும்பியது. மோட்டாருக்கு நகம் அகலத் தூரத்தில் பள்ளம்.

"நானா," என்று கத்தினாள், "மோட்டார் வயரக் கழட்டுங்க."

"ஏன், கரண்ட் அடிச்சிட்டா?"

"பொய் சொல்லிட்டேன் நானா. தலவலியெல்லாம் இல்ல. புள்ள உண்டாயிருக்கேன்."

அலவி நானா அவளைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். "அந்தப் பள்ளம் ஈக்கிதா?"

"இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். இரண்டில் எதற்கு என்று சொல்லவில்லை. வயரைப் பிடுங்கிச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார். மணிக்கூட்டை வாங்கிப் பெட்டிக்குள் பூட்டினார். "இப்ப இந்தக் கைய என்னா செய்ற?" என்று யோசித்து, கடையில் தேநீர் வைக்கும் கேத்தலை எடுத்துக் கொடுத்தார்.

அவள் கேத்தலைத் தேய்த்தாள். பூட்டைத் தேய்த்தாள், கதவுப் பிடியைத் தேய்த்தாள், மின்விசிறி இறக்கைக்குக் கதிரையில் ஏறப் போனவளை அலவி நானா அதட்டி இறக்கினார். பிறகு தானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டார். வார் மாற்ற வந்த ஒருவர் வாசலில் நின்று, "கடைய விக்கப் போறீங்களா?" என்று கேட்டார். இருவரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வின்சன்ற் வந்து முதலில் பெருவிரலால் பள்ளத்தைத் தடவினார். சரி. பிறகு கண்ணைச் சுருக்கினார். "இந்த மூல மட்டும் ஏன் மாப்பிள்ள மாதிரி நிக்குது?"

நிரோஷா ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டார்.

"அப்ப நாளைக்கு ரெண்டு கத சொல்லோணும்," என்றார். "ரெண்டுக்கும் சாட்சி இருக்கு."

அவர் போன பிறகு நிரோஷா தானாகவே போய்ப் பற்றரிப் பெட்டியை எடுத்தாள். அலவி நானா அதைப் பிடுங்கி வைத்தார்.

"பள்ளத்துக்கு முன்னுக்கே கை நின்டது தானே. நீங்க மேசைலயே இரிங்கொ. மோட்டார நான் ஊட்டுக்குக் கொண்டு போறன். புள்ள கெடச்ச பொறகு பாப்பம்."

"புள்ள பொறந்தா இதவிடச் சந்தோஷமா இருப்பேனே நானா."

அலவி நானா மோட்டாரைத் தூக்கிக் கக்கத்தில் வைத்தார். "அப்ப இத விப்பம்," என்றார்.