கும்பிட முடியாத விலங்கு

ஜீவானந்தம் நாயைச் செதுக்கியதற்கு ஒரே காரணம், அதை யாரும் கும்பிட மாட்டார்கள் என்பதுதான். முன்பு செதுக்கிய காளைக்கும் மயிலுக்கும் குங்குமம் வைத்துவிட்டார்கள். ரயில்வேயில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கேம்ப் ரோட்டை அகலப்படுத்த வெட்டிப்போட்ட தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு துண்டை வாங்கிவந்து, சேலையூர் வீட்டு வாசலில் உளியோடு உட்கார்ந்தார். தெரு கூட்டும் பச்சையம்மாவின் நாய் ரோஸிதான் மாடல். ஒரு காது மடங்கி, விலா எலும்பு தெரிய, அசல் ரோஸி. பெயிண்ட் அடித்துக் காலனிப் பூங்காவுக்குக் கொடுத்தார்.

சில நாளிலேயே அதன் நெற்றியில் சந்தனம்.

"வைரவர் வாகனம் சார்!" என்றார் எதிர்வீட்டு ஹேமாவதி. "என் பையன் வினோத்குமார் இதைத் தொட்டுட்டுத்தான் இன்டர்வியூ போனான். வேலை கிடைச்சிருச்சு!"

நாற்பது ஆண்டுகளாகத் தாம்பரம் மேடைகளில் கடவுள் மறுப்புப் பேசியவர், எந்தச் சாமி எதன்மேல் ஏறுகிறது என்பதை மட்டும் படிக்காமல் விட்டிருந்தார்.

கம்பி வேலி வந்தது, பூட்டு வந்தது. நாய்ச் சிலைக்குப் பாலாபிஷேகம், கிட்டே வந்த ரோஸிக்குக் கல்லடி. பச்சையம்மா வேலிக்குப் பக்கத்தில் வரவே கூடாதாம், தீட்டாம். ஜீவானந்தம் காலனிச் சங்கக் கூட்டத்தில் தொண்டை கட்டும்வரை கத்தினார்.

"பிரமாதமாப் பேசினீங்க சார். பிரசாதம் எடுத்துக்குங்க" என்றார் தலைவர் லக்ஷ்மிநாராயணன். சுண்டல். கோபத்தோடு தின்றார், ருசியாகவே இருந்தது.

மறுநாள் பச்சையம்மா துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னா சார், நீ பண்ண பொம்ம பால் குடிச்சிகினு கீது. அந்த மூஞ்சிக்குச் சொந்தக்காரி ரோட்ல அடி வாங்கிகினு கீது. நானும் தள்ளி நிக்கணுமாம்!"

ஜீவானந்தத்துக்குச் சுண்டல் நினைவு வந்து நெஞ்சைக் கரித்தது. நேரே ஹேமாவதி வீட்டுக்குப் போனார்.

"ஒரு கனவும்மா" என்று ஆரம்பித்தார். "வைரவர் வந்தார். பச்சையம்மா கையால விளக்கேத்தணுமாம். ரோஸியும் உள்ள வரணுமாம். இல்லைன்னா அந்த மரத்துல இருக்கமாட்டாராம்."

"ஐயோ, புல்லரிக்குது சார்!"

மறுநாள் பூட்டு போயிற்று. பச்சையம்மா விளக்கேற்ற, ரோஸி அபிஷேகப் பாலை நக்கிக் குடித்தது. லக்ஷ்மிநாராயணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாற்பது ஆண்டுப் பகுத்தறிவுக்கு அசையாத காலனி, ஒரு புளுகுக்கு அசைந்தது.

ஜீவானந்தம் வீடு திரும்பினால், வாசலில் மூன்று பேர் எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தார்கள், குறி கேட்க. அவர்களைத் திட்டி விரட்டியபோது, பின்னாலேயே வந்த பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"சார், இன்னிக்கும் கனவு வருமா? எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வந்து ஒரு வாரம் ஆவுது. வைரவராண்ட ஒரு வார்த்த சொல்லேன்."

அன்று மத்தியானமே ஜீவானந்தம் தலையணையைத் தேடினார்.